ஐம்பத்தேழு சதவீதத்தில் கட்டுமாவடி

கலைமதி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்றாவது வயதில். அதற்கு முன் அவள் கை பழகியிருந்த வண்டி டிவிஎஸ் மொபெட் ஒன்றுதான். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. திருகினால் போகும், விட்டால் நிற்கும். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் ஆத்மநாதன், தங்கள் ஊரான திருவரங்குளத்தில் கண்மாய் வற்றிக் கிடந்த ஒரு கோடையில், தன் டீசல் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஏழு தடவை கிளப்பினாள். ஏழு தடவையும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"ஒனக்கும் கிளட்சுக்கும் ஜாதகம் பொருந்தல. விட்ரு," என்றார் அவர். அவளும் விட்டுவிட்டாள்.

ஆத்மநாதன் வாடகைக் கார் டிரைவர். கல்யாண மாதங்களில் சவாரி குவியும், மார்கழியில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். வருஷம் முழுக்க அடுப்பை அணையாமல் காத்தது ஒரே ஒரு சவாரிதான். புதுக்கோட்டையில் குடியிருந்த நான்கு ஆசிரியர்களைத் தினமும் காலையில் கட்டுமாவடிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வரும் டிரிப். பதினோரு வருஷம் அதை ஓட்டினார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைய சாலையைச் சொல்வார். ஆலங்குடி தாண்டி எந்த வளைவில் மாடு படுத்திருந்தது, நாகுடியில் எந்த டீக்கடை மூடிக் கிடந்தது, கணக்கு சார் எந்த இடத்தில் குறட்டை விட்டார். கலைமதி அந்தச் சாலையில் ஒருநாளும் போனதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டே அது அவளுக்குப் பாடமாகியிருந்தது.

போன ஐப்பசியில் ஆத்மநாதன் போய்விட்டார். மார்வலி என்று சொன்ன அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் ரஞ்சிதாவும் கலைமதியும் மிஞ்சினார்கள். வாசலில் டீசல் கார் மிஞ்சியது. ஆசிரியர்கள் டிரிப்பை, ஆத்மநாதனை அண்ணன் என்று அழைத்துக்கொண்டிருந்த ராக்கன் தன் வண்டியில் ஓட்ட ஆரம்பித்தான்.

வண்டியை விற்றுவிட்டு ஒரு மாவு மில் போடலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். கலைமதி வண்டியை விற்றாள். மாவு மில் போடவில்லை. திருச்சியில் ஒரு கம்பெனி மூன்று வருஷம் ஓட்டிவிட்டு விற்ற மின்சாரக் காரைப் போய்ப் பார்த்தாள். விற்றுக்கொடுப்பவர் அவளை ஓட்டும் சீட்டில் உட்கார வைத்தார். அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"இன்னொரு மிதி எங்கங்க?"

"அவ்வளவுதாங்க மேடம். ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு நிக்கிறதுக்கு."

"அப்ப இது டிவிஎஸ்தான்," என்று சொல்லிவிட்டு, கலைமதி அந்தக் காரை வாசல் கேட் வரை ஓட்டிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு குலுங்கல் இல்லை. அன்றைக்கே பேசி முடித்தாள்.

கார் வீட்டுக்கு வந்தது பங்குனிக் கடைசியில், ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள். பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்துப் போட்ட நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு, தெருவில் பாதிப் பேர் கலெக்டர் ஆபீஸ் வண்டி வந்திருப்பதாக நினைத்தார்கள். வயர்மேன் இருளாண்டி மீட்டரிலிருந்து தனியாகக் கனமான வயர் இழுத்து, வாசல் சுவரில் பிளக் வைத்து, சார்ஜ் பெட்டியை அதில் மாட்டிக் கொடுத்தான். ஈபி ஆபீசில் எழுதிக் கொடுத்து லோடும் ஏற்றி வாங்கியாகிவிட்டது. பேட்டரி மணிக்குப் பத்து சதவீதம் ஏறும். முன்னிரவில் சொருகினால் விடியும்போது நிறைந்திருக்கும்.

ராக்கன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன மதினி, வண்டி வாயத் தொறந்தே பேச மாட்டேங்குது?"

"வேலையப் பாக்குற வண்டி. பேசிக்கிட்டுத் திரியாது."

"அது சரி. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அண்ணன் கழுவுன மாதிரி குடம் குடமாத் தண்ணிய ஊத்திராதீங்க. இது கரண்டு வண்டி. மிக்சியக் கொண்டு போயித் தண்ணித் தொட்டியில முக்குவமா?"

அவன் கேலியாகச் சொன்னானோ கரிசனமாகச் சொன்னானோ, தெருவே அதை ஆமோதித்தது. ஆத்மநாதன் தினமும் விடியற்காலையில் சுவரோரம் காரை நிறுத்தி, குடம் குடமாக ஊற்றிக் கழுவுவார். கலைமதி ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சித்திரை முழுவதும் விடியற்காலைகளில் ஆலங்குடி வரை ஓட்டிப் பழகினாள். லைசென்ஸ் எடுத்தாள். வைகாசியில் ஒருநாள் நான்கு மூட்டை நெல்லைக் காருக்குள் ஏற்றிக்கொண்டு தன்னந்தனியாகக் கட்டுமாவடி வரை போய்த் திரும்பினாள். கேட்டே பழகிய சாலை ஒவ்வொரு வளைவாக எதிரே வந்தது. வீடு வந்து சேர்ந்தபோது இருபது சதவீதம் மிச்சமிருந்தது. மறுநாள் சத்யபிரியா டீச்சர் வீட்டுக்குப் போய், டிரிப்பைத் தனக்கே தரும்படி கேட்டாள்.

நான்கு ஆசிரியர்களில் மூத்தவர் சத்யபிரியா டீச்சர். முடிவெடுப்பது அவர், முட்டுக்கட்டை போடுவது ரகுநாத் சார். கணக்கு வாத்தியார். ரயில் இத்தனை வேகத்தில் போனால் எத்தனை மணிக்குச் சேரும் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் படுத்தியவர்.

"ஒங்க வீட்லேருந்து கணக்குப் போட்டா போக எழுவது கிலோமீட்டர், வர எழுவது. ஏசி போட்டா எவ்வளவு குறையும்? எதிர்காத்து அடிச்சா எவ்வளவு? நாலு ஆளு பாரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"நாலு ஆளுக்குப் பதிலா நாலு மூட்டை நெல்லு ஏத்திக்கிட்டுப் போய்ட்டு வந்துட்டேன் சார். இருவது சதவீதம் மிஞ்சுச்சு."

"நான் ஒரு மூட்டைதானா?"

"நீங்க ஒண்ணே கால் மூட்டை சார். ஆனா அத எதுக்கு இப்ப எடுத்துக்கிட்டு," என்றார் சத்யபிரியா டீச்சர்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முதல் வாரம் கலைமதி ஓட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒன்பதே காலுக்கு வருகைப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். ஐந்து நாளில் ஒருநாள் பிந்தினாலும், ஒருநாள் வண்டி வராவிட்டாலும், அந்த வருஷம் முழுக்க டிரிப் ராக்கனுக்கு.

திங்கட்கிழமை குறையில்லாமல் போயிற்று. அன்று ராத்திரி சார்ஜ் பெட்டி ஒருமுறை சிவப்பு விளக்கு காட்டி நின்றது. கழற்றிச் சொருகியதும் சரியானது. செவ்வாய்க்கிழமையும் கழிந்தது. புதன்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கலைமதி எழுந்து வந்து பார்த்தபோது, பெட்டி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. காருக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். ஐம்பத்தேழு சதவீதம். நடுராத்திரிக்கு முன்பே எங்கேயோ நின்றுபோயிருக்கிறது.

கழற்றினாள், சொருகினாள். சிவப்பு. மெயினை அணைத்துப் போட்டாள். சிவப்பு. ரஞ்சிதா எழுந்து வந்து, பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினாள்.

"எர்த்து இல்லன்னு சொல்லுதும்மா. கசியிற கரண்டு ஆளு மேல பாயாம மண்ணுக்குள்ள போறதுக்கு ஒரு வயர் இருக்கும்ல, அது வேலை செய்யலன்னா பெட்டி கரண்டே குடுக்காதாம்."

கலைமதி இருளாண்டிக்குப் போன் போட்டாள். தூக்கக் கலக்கத்திலும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எர்த்து இல்லையா? அண்ணன் வீடு கட்டையில நானே ஆளு ஆழத்துக்குக் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, கம்பி எறக்கிப் பொதைச்சது மதினி. அது கால் மொளச்சு எங்கிட்டுப் போயிரும்? பெட்டிதான் கெட்டுப் போயிருக்கும். பழைய வண்டிய ஒங்க தலையில கட்டிட்டான் போல."

வண்டிதான் கெட்டுவிட்டதோ என்ற நினைப்பு கலைமதிக்கும் வந்தது. அதை மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"ராக்கன் சித்தப்பாவ வரச் சொல்லும்மா. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான," என்றாள் ரஞ்சிதா.

"ஒரு நாளு இல்லடி. ஒரு வருஷம்."

"அம்பத்தேழ வச்சுக்கிட்டு எப்புடிப் போய்ட்டு வருவ?"

"போறதுக்கு நாப்பது போதும். வர்றத அங்க போயிப் பாத்துக்கலாம்."

"அங்க எங்க சார்ஜு போடுவ? வழியில பங்க்குல இருக்குற சார்ஜு மிஷின மாசக்கணக்காச் சாக்குல போத்தி வச்சிருக்கான்னு நீதான சொன்ன?"

"கரண்டு இல்லாத ஊரா கட்டுமாவடி? சார்ஜு பெட்டியக் கழட்டி டிக்கியில வையி."

ஏழு இருபதுக்குப் புதுக்கோட்டையில் நான்கு பேரும் ஏறினார்கள். ரகுநாத் சார் வழக்கம்போல முன் சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கிற பார்வை அது.

"என்னம்மா இது, அம்பத்திரண்டுன்னு காட்டுது?"

கலைமதி மறைக்கவில்லை. "ராத்திரி பாதிதான் ஏறியிருக்கு சார். இன்னைக்குப் போறப்ப மட்டும் ஏசி போட மாட்டேன். கண்ணாடிய எறக்கிக்கங்க. ஒம்பதே காலுக்கு முன்னாடி கேட்டுல நிப்போம்."

"திரும்பி வர்றது?"

"அது என் பாடு சார்."

பின் சீட்டில் இரண்டு இளம் டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்யபிரியா டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஓட்டு கலைமதி," என்றார்.

வேகமாகப் போனால் சார்ஜ் தண்ணீராய் இறங்கும் என்பதை நெல் மூட்டைகளோடு போன அன்றே அவள் தெரிந்துகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். முன்னால் போகிறவன் பிரேக் போடுமுன் காலை எடுத்தாள். அனல் காற்று காருக்குள் புகுந்து பின்னால் வெளியேறியது. அறந்தாங்கிக்கு முன்பு ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று.

"டவுன் பஸ்ஸே நம்மள ஓவர்டேக் பண்ணுது," என்றார் ரகுநாத் சார்.

"போகட்டும் சார். அவரு இன்னும் பத்து எடத்துல நிக்கணும்ல."

சொன்னபடி அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. கார் அதைத் தாண்டிப் போயிற்று. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

நாகுடி தாண்டியதும் சாலையை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டு மந்தை. சத்தமில்லாத வண்டிக்கு ஆடு விலகாது என்பது கலைமதிக்குப் பழகிப்போன தொல்லை. தூரத்திலேயே காலை எடுத்தாள். வண்டி தானாகத் தளர்ந்து மந்தைக்குப் பின்னால் ஊர்ந்தது. ரகுநாத் சார் திரையை நோக்கிக் குனிந்தார். இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று காட்டுகிற எண், நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டாக ஏறியது.

"ஏறுதே. எப்புடி ஏறும்?"

"கால எடுத்தா, ஓடுற வேகமே கொஞ்சம் கரண்டா மாறி உள்ள போயிரும் சார்."

ரகுநாத் சார் பின்னால் திரும்பி, "டீச்சர், ஆட்டுக்கெல்லாம் ஒரு நன்றி சொல்லிருங்க," என்றார்.

பள்ளிக்கூட கேட்டில் நின்றபோது மணி ஒன்பது ஏழு. திரையில் பத்தொன்பது. இறங்கியவர்களில் ரகுநாத் சார் மட்டும் தயங்கி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. சாயங்காலத்துக்கு ராக்கனுக்கு ஒரு போன் போட்டு வச்சிரவா?"

"போடுங்க சார். ஆனா நாலு பத்துக்கு இதே எடத்துல நான் நிப்பேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே போவது என்று அவளிடம் இருந்த விடை ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர்களை இறக்கிவிட்டபின் ஆத்மநாதன் பகல் பொழுதைக் கழித்தது மீன் ஏலம் விடும் இடத்துக்குப் பின்னாலிருந்த ஐஸ் பிளாண்டின் நிழலில். அங்கே மிஷின் ஓட்டும் ஆண்டிச்சாமியின் பேச்சையும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் சொல்லியிருக்கிறார். கலைமதி அந்த ஆளைப் பார்த்ததில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. விசைப்படகுகள் கிளம்பும் நாளுக்காக ஐஸ் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டிச்சாமி அண்ணன் நீங்கதானா? நான் திருவரங்குளம் ஆத்மநாதன் சம்சாரம்."

அவர் கொக்கியைக் கீழே வைத்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேள்விப்பட்டேன்த்தா. சீசன் நேரம், வர முடியல. மனசு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அவரு டிரிப்ப நீயா ஓட்டுற?"

"இந்த வாரம் ஓட்டுறேன்ணே. அடுத்த வாரம் ஓட்டணும்னா இந்த வண்டிக்குச் சாயங்காலத்துக்குள்ள கரண்டு வேணும்."

ஆண்டிச்சாமி முதலாளிக்குப் போன் போட்டார். "ஆமா மொதலாளி, காரு. இல்ல, டீசல் இல்ல, கரண்டுதான் கேக்குது," என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மீட்டரைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, ஆன காசைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று சம்மதம் வந்தது.

கலைமதி டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்தாள். அதைச் சுவரிலிருந்த பிளக்கில் மாட்டினாள். இங்கேயும் சிவப்பு வந்தால் பெட்டி கெட்டது, வண்டி கெட்டது, எல்லாம் கெட்டது. ஸ்விட்சைப் போட்டாள்.

பச்சை. சிமிட்டக்கூட இல்லாமல் பச்சை. பத்தொன்பது இருபதாகும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படியென்றால் பெட்டியிலும் கோளாறில்லை, வண்டியிலும் கோளாறில்லை. வீட்டில் என்னதான் கோளாறு? நிழலில் உட்கார்ந்து யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பதினொரு மணிபோல் ஆண்டிச்சாமி ஒரு குடத்தோடு வெளியே வந்தார். சுவரோரம் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்குள் தண்ணீரைக் கவிழ்த்தார். போய் இன்னொரு குடம் கொண்டுவந்து, அதையும் கவிழ்த்தார்.

"எதுக்குண்ணே மண்ணுக்குள்ள ஊத்துறீங்க?"

"எர்த்துக் குழிக்குத்தா. தெனம் ஊத்திப் பழகிருச்சு. காஞ்சு போனா எர்த்து புடிக்காது. மிஷினத் தொட்டா சுள்ளுன்னு இழுக்கும்." குடத்தைக் கவிழ்த்து உதறிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கலைமதி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கடற்கரை மண்ணுக்கே தினமும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. அவள் ஊர் செம்மண், தோண்டினால் செம்புறாங்கல். பங்குனியில் பெய்தது, அதற்கப்புறம் ஒரு சொட்டு இல்லை. வீட்டில் அந்தக் குழி இருப்பது வாசல் சுவரோரம். அந்தச் சுவரோரம்தான் ஆத்மநாதன் தினமும் கார் கழுவுவார். கழுவிய தண்ணீர் ஓடிப்போய் இறங்கும் இடம் அதுதான். பதினோரு வருஷம் அவர் அறியாமலே அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவரும் போய், வண்டியும் கரண்டு வண்டியாகி, அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது என்று அவளும் நம்பி, குழி எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது.

அவள் ரஞ்சிதாவுக்குப் போன் போட்டாள். "இருளாண்டிய சாயங்காலம் வரச் சொல்லு. குண்டு பல்போட வரச் சொல்லு. நம்ம தொட்டி நெறைய தண்ணி இருக்கணும்."

நாலு பத்துக்குக் கேட்டில் கார் நின்றது. முன் கதவைத் திறந்த ரகுநாத் சார் திரையைத்தான் முதலில் பார்த்தார். எழுபத்தெட்டு.

"எங்கேருந்தும்மா வந்துச்சு இவ்வளவும்?"

"ஐஸ் பிளாண்ட்லேருந்து சார்."

"ஐஸ்லேருந்தா?"

"ஏறுங்க சார். ஏசி போட்ருக்கேன்."

அறந்தாங்கி வருவதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்தார். ஆனாலும் புதுக்கோட்டையில் இறங்கும்போது கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். "தெனமும் ஐஸ் பிளாண்ட நம்ப முடியாதும்மா. வீட்ல ஏறணும். இன்னைக்கு ராத்திரி ஏறலன்னா நாளைக்குக் காலையில வண்டி எப்புடி வரும்?"

"தெரியும் சார்," என்றாள் கலைமதி.

அவள் வீடு சேர்ந்தபோது ஆறேகால். இருளாண்டி வந்திருந்தான், காலையில் ரகுநாத் சார் போனில் விஷயத்தைச் சொல்லி வைத்ததால் ராக்கனும் வந்திருந்தான். வேடிக்கை பார்க்கத் தெருவில் ஏழெட்டுப் பேர். இருளாண்டி ஒரு நூறு வாட் குண்டு பல்பில் இரண்டு வயரைக் கட்டி, ஒன்றைக் கரண்டு வருகிற பக்கமும் மற்றதை எர்த்துப் பக்கமும் கொடுத்தான். எர்த்து நன்றாக இருந்தால் பல்பு பளீரென்று எரிய வேண்டும். அது பீடி நுனியைப் போலக் கனன்றுகொண்டு கிடந்தது.

இருளாண்டியின் முகம் தொங்கிப்போயிற்று. "நான் போட்ட எர்த்து மதினி இது."

"ஒன் எர்த்துக்கு ஒண்ணும் இல்ல. தாகம். நீ பல்ப மட்டும் பாத்துக்க. வயருகிட்ட யாரும் வராதீங்க."

மண்வெட்டியால் குழியின் மேல்மண்ணைக் கொத்திவிட்டு முதல் குடத்தைக் கவிழ்த்தாள். செம்மண் அதை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு உஸ்ஸென்றது. இரண்டாவது குடம், மூன்றாவது குடம். பல்பு அப்படியேதான் இருந்தது.

"கண்மாயே வேணும் போல," என்றான் ராக்கன்.

"வாயால ஊத்துனா நெறையாது. குடத்த எடு."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடத்தை எடுத்தான். ரஞ்சிதா தொட்டியில் மொண்டு கொடுக்க, ராக்கன் வாங்கிக் கொடுக்க, கலைமதி ஊற்றினாள். ஆறாவது குடத்தில் பல்பு மஞ்சளாயிற்று. எட்டாவது குடத்தில் கம்பிச்சுருள் வெள்ளையாகத் தெரிந்தது. பதினோராவது குடத்தில், பொழுது சாய்ந்து மங்கிக்கொண்டிருந்த அந்த வாசல் முழுக்க வெளிச்சமாயிற்று. எல்லோருடைய நிழலும் சுவரில் விழுந்தது. இருளாண்டி மெல்ல, "சொன்னேன்ல, நான் போட்ட எர்த்துன்னு," என்றான்.

அவன் வயர்களைக் கழற்றி ஒதுங்கியதும், கலைமதி பெட்டியைப் பழையபடி சுவரில் மாட்டிக் காரைச் சொருகினாள். பச்சை.

"அம்மா, இந்தப் புத்தகத்துல இன்னொண்ணும் போட்ருக்கு," என்றாள் ரஞ்சிதா. "சாதா காரு மாதிரியே தண்ணி விட்டுக் கழுவலாமாம். சார்ஜு போட்டுக்கிட்டு இருக்கையில மட்டும் கூடாதாம்."

கலைமதி திரும்பி ராக்கனைப் பார்த்தாள். "மிக்சியத் தண்ணியில முக்குவமான்னு கேட்ட ஆளு யாருப்பா?"

"ஒரு அக்கறையில சொன்னது மதினி," என்றான் ராக்கன். தெரு சிரித்தது. சற்றுப் பொறுத்துத் தணிந்த குரலில் கேட்டான்: "நெசமாவே கட்டுமாவடி போய்ட்டு வந்தும் மிஞ்சுதா? டீசல் போட்டு எனக்குக் கையக் கடிக்குது."

"மிஞ்சுது. ஒரு நாளைக்கு வா, ஓட்டிப் பாரு."

மறுநாள் விடியற்காலை திரை நூறு காட்டியது. கலைமதி வயரைக் கழற்றிச் சுற்றி வைத்துவிட்டு, காரைச் சுவரோரம் நகர்த்தி, முதல் தடவையாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். நீர் கூரையிலிருந்து வழிந்து, சக்கரத்தைச் சுற்றி ஓடி, குழி இருக்கும் இடத்தைத் தானாகத் தேடிப் போய் இறங்கியது. வாசலின் வாட்டம் அப்படி. வீடு கட்டும்போது ஆத்மநாதன் பார்த்துப் பார்த்து வைத்த வாட்டம். கொஞ்ச நேரம் அவள் காலி வாளியோடு நின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள், அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை எட்டு ஐம்பதுக்குக் கேட்டில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை எட்டு நாற்பத்தெட்டுக்கு. ரகுநாத் சார் அந்த இரண்டு நாளும் திரையைப் பார்க்கவில்லை, செய்தித்தாள் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டையில் கார் நின்ற பிறகும் நான்கு பேரும் இறங்கவில்லை. சத்யபிரியா டீச்சர் ரகுநாத் சாரைப் பார்த்தார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாங்க பேசிட்டோம்மா. திங்கக்கிழமையிலேருந்து நீங்கதான். இந்த வருஷம்னு இல்ல. நாங்க மாறுதல் வாங்கிப் போற வரைக்கும்."

கலைமதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலையை ஆட்டினாள்.

"இன்னொரு விஷயம்," என்று சத்யபிரியா டீச்சர் தன் போனை நீட்டினார். "இது எங்க வாட்ஸ்அப் குரூப். காலையில யாரு லீவு, எத்தன மணிக்கு வண்டி, எல்லாம் இதுலதான். ராக்கன இதுல சேக்கல. தனியாப் போன் பண்ணிக்கிட்டோம்."

குழுவின் பெயர் 'ஆத்மநாதன் டிரிப்' என்றிருந்தது. உள்ளே ஐந்து பேர். ஐந்தாவது எண்ணைக் கலைமதிக்குப் பார்க்காமலே சொல்லத் தெரியும்.

"அவரு நம்பர எடுக்க யாருக்கும் மனசு வரல," என்றார் டீச்சர். "பேரையும் மாத்தல. நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?"

கலைமதி போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ஜனங்கள் பூக்கடையில் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"பேரு இருக்கட்டும் டீச்சர்," என்றாள். "நம்பர மட்டும் மாத்திருங்க."

ரகுநாத் சார் அவள் எண்ணைக் கேட்டு, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிப் பார்த்துச் சேர்த்தார். குழுவை நடத்தும் பொறுப்பும் அவளுக்கே என்று ஏதோ அழுத்தினார். நால்வரும் இறங்கிப் போனார்கள். கலைமதி உடனே கிளம்பவில்லை. தன் போனை எடுத்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, அந்தக் குழுவில் தன் முதல் செய்தியை எழுதினாள்.

"திங்கள் காலை 7.20. வண்டி நிற்காது. யாரும் லேட்டாக வரக் கூடாது."

ரகுநாத் சாரிடமிருந்து முதல் பதில் வந்தது: "சரிங்க மேடம்."